லண்டன் வினாத்தாளும் நம்மட கரையும்

ஒன்லைனில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறது புதுசு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இணையம்தான் புதுசு. ஊரில் இருந்துகொண்டே வெளிநாட்டுப் பட்டம் எடுக்கிறது இலங்கையில் நூறு வருஷப் பழக்கம்.

லண்டன் பல்கலைக்கழகம் 1858இலேயே தன் பரீட்சையை வெளியாருக்குத் திறந்துவிட்டது. எங்கே படித்தாலும் சரி, தேறினால் பட்டம். 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர்களும் லண்டன் பரீட்சைதான் எழுதினார்கள். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வரும்வரை இதுதான் நிலைமை. கேள்வி அங்கேயிருந்து வரும், பதில் இங்கேயிருந்து போகும்.

கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதைத் தாண்டினால் காரைதீவு. அங்கே 1892இல் பிறந்த மயில்வாகனம், பிறகு சுவாமி விபுலாநந்தர் ஆனவர், கல்முனையில் படித்தவர். யாழ்ப்பாணத்தில் படிப்பித்துக்கொண்டே லண்டன் பி.எஸ்சி. எடுத்தார். அதோடு நின்றிருந்தால் அவரும் ஒரு பட்டதாரி, அவ்வளவுதான். ஆனால் 1931இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. படிக்கப் போகவில்லை, படிப்பிக்கப் போனார். நம்மைக் கேட்டால், இந்தக் கரை கண்ட பெரிய பரிமாற்றம் இதுதான்.

வாசல் திறந்திருந்தாலும் கைச்செலவுக்குக் காசு வேணுமே! கேம்பிரிட்ஜ் போய், சிவில் சேவை கிடைத்ததும் திரும்பி வந்த ஏ. எம். ஏ. அஸீஸ், 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். அதே வருஷம் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியும் வந்தது.

நம்மட கரைக்கென்று பல்கலைக்கழகம் வர இன்னும் அரை நூற்றாண்டு எடுத்தது, அதுவும் யுத்தம் தள்ளிவிட்டு. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு முஸ்லிம் மாணவர்கள் போக முடியாமல் போனதால், எம். எச். எம். அஷ்ரஃபின் முயற்சியில் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவானது. 1996இல் அது பல்கலைக்கழகமானது. இன்று அது ஒலுவிலில் இருக்கிறது.

2020இல் கொரோனா வந்ததும் வகுப்பு போனுக்குள்ளே வந்துவிட்டது. ஒலுவிலுக்கும் கோலாலம்பூருக்கும் தூரம் ஒன்றாகிவிட்டது என்று அப்போது பேசிக்கொண்டோம். தூரம் சரி. கேள்வித்தாள்? கிழக்கு முஸ்லிம்களின் தாய்வழிக் குடிமுறை, மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கிற வழக்கம், கரைவலைப் பங்கு இதையெல்லாம் மானிடவியல் படிக்கிற வெளிநாட்டுப் பிள்ளைக்கு நம்மை விட யார் சொல்லிக்கொடுக்க ஏலும்? அடுத்த கூட்டு வகுப்புக்கு ஒப்பந்தம் போடும்போது, பாடத்திட்டத்தில் பாதியை ஒலுவில் எழுதுமா என்று முதலில் கேட்போம்.