தொடர் வெளியீட்டு லினக்ஸ்

பதிப்பு எண்ணும் காலாவதித் திகதியும் இல்லாமல், மென்பொருள்கள் ஆயத்தமாக ஆக அவற்றைப் பயனரின் கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் லினக்ஸ் வழங்கல். 'ரோலிங் ரிலீஸ்' என்றே பலரும் சொல்வர்.

இதற்கு மாறானது பதிப்பு முறை. அதற்கு இலங்கை உதாரணம், கண்டிக்கு அருகிலுள்ள மலைத்தொடரின் பெயர் கொண்ட ஹந்தான லினக்ஸ். கல்வி மென்பொருள்கள், சிங்கள, தமிழ் மொழி வசதி ஆகியவற்றுடன் ஃபெடோராவின் மீது கட்டப்பட்ட இது, பதிப்பு எண்ணையும் ஃபெடோராவிடமிருந்தே எடுத்துக்கொண்டது. ஃபெடோராவின் ஒரு பதிப்புக்கு ஆதரவு ஏறத்தாழ 13 மாதங்கள்தான். அதன் பின் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. ஒருமுறை நிறுவினால் வருடக்கணக்கில் தொடாமல் விடும் பாடசாலைக் கணினி அறைக்கு இது போதாது. டெபியனின் ஐந்தாண்டு ஆதரவே அங்கு பொருந்தும்.

டெபியனின் 'சிட்' கிளை முன்பே இடைவிடாமல் மாறிக்கொண்டிருந்தாலும், அது உருவாக்குநர்களுக்கான களம். தொடர் வெளியீட்டையே தம் வழியாகக் கொண்டவை ஜென்டூவும் ஆர்ச்சும். ஜட் வினெட் 2002 மார்ச்சில் ஆர்ச்சின் முதல் வெளியீட்டைத் தந்தார். 2010இல் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் தொடங்கிய டம்பிள்வீட், 2014இல் ஓப்பன்சூசேயின் ஃபேக்டரி கிளையுடன் இணைந்தது. ஒவ்வொரு தொகுப்பையும் தானியங்கிச் சோதனைக்கு உட்படுத்திய பின்பே வெளியிடுவது அதன் சிறப்பு.

காலாவதி இல்லை என்பதால் ஆதரவுக்கு எல்லையே இல்லை என்று கருதிவிடக் கூடாது. இங்கு ஆதரவு உள்ளது இன்றைய நிலைக்கு மட்டுமே. ஆர்ச்சில் ஒரு நிரலை மட்டும் புதுப்பித்து மற்றவற்றைப் பழையபடி விடுவதை அதன் குழு ஏற்பதில்லை. ஒரு வருடம் மூடி வைத்த மடிக்கணினியைத் திறந்து புதுப்பித்தால், பொதிகளின் கையொப்பத்தை நம்ப முடியாது என்று ஆர்ச்சின் பொதி மேலாளரான பேக்மேன் மறுத்துவிடக்கூடும். முதலில் அக்கையொப்பங்களைச் சரிபார்க்கும் சாவித்தொகுப்பைப் புதுப்பித்துவிட்டே மற்றவற்றைத் தொட வேண்டும். தரவிறக்கத்தின் அளவும் சிறிதல்ல. கண்டி–மஹியங்கனை வீதியில் உள்ள ஹுன்னஸ்கிரிய போன்ற மலையூரில், கைப்பேசி டேட்டாவை நம்பியிருப்பவருக்கு இது மாதாந்தச் செலவு.

புதுமைக்கு வேறு விலையும் உண்டு. 2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் என்னும் கோப்புச் சுருக்க நிரலில் ஒளித்து வைக்கப்பட்ட பின்கதவை ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் கண்டுபிடித்தபோது, கறைபட்ட பதிப்புகள் ஆர்ச்சுக்கும் டம்பிள்வீட்டுக்கும் டெபியன் சிட்டுக்கும் வந்து சேர்ந்திருந்தன. டெபியனின் நிலையான பதிப்பு தப்பியது. ஆனால் திகதி குறித்த ஆதரவும் முழு உத்தரவாதமல்ல: 2029 வரை என்றிருந்த சென்ட்ஓஎஸ் 8 என்னும் லினக்ஸ் பதிப்புக்கான ஆதரவை, 2020 டிசம்பரில் அறிவித்து, 2021 இறுதியிலேயே ரெட் ஹேட் நிறுத்திக்கொண்டது.

வன்பொருளுக்கான ஆதரவும் தனிக் கணக்கு. 32-பிட் கணினிகளை ஆர்ச் 2017 நவம்பரில் கைவிட்டது.