சாய்ந்த இறக்கையும் வந்து சேராத காவிரியும்

பட்டுக்கோட்டைப் பக்கம் ‘டெல்டா’ என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கழிமுகம் என்ற நல்ல தமிழ்ச் சொல் பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்டது. டீக்கடையிலும் உழவர் கூட்டத்திலும் டெல்டாதான். முக்கோணமான அந்தக் கிரேக்க எழுத்து நைல் ஆற்று வண்டலுக்குப் பெயராகி, பிறகு நம் காவிரிக்கும் வந்தது. முக்கோண இறக்கை விமானங்களுக்கும் அதே எழுத்துதான் பெயர். தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் டெல்டா இறக்கையோடு இந்தியா வரைந்த தேஜஸ் விமானத்தில் பொருத்த நினைத்த எஞ்சினுக்குக் ‘காவேரி’ என்றே பெயர் வைத்தார்கள். அந்த விமானத் திட்டம் 1983இல் அனுமதி பெற்றபோது பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் பட்டுக்கோட்டைக்கு அருகே ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன். இந்த ஊர்க்காரனுக்கு இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க இவ்வளவு போதும்.

தேஜஸுக்கு முன்னோடி, பெங்களூரில் உருவான மாருத் என்ற ஜெட் விமானம். அதைத் தோல்விக் கதை என்று ஒரு வரியில் முடித்துவிடுவது பலருக்கு வழக்கம். இறக்கையின் வரலாற்றையும் எஞ்சினின் வரலாற்றையும் தனித்தனியே வைத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது என்பது என் கருத்து.

முதலில் இறக்கை ஏன் சாய்ந்தது என்று பார்ப்போம். விமானம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றுக்கு ஒதுங்க அவகாசம் கிடைப்பதில்லை. இறக்கைமேல் அதிர்ச்சி அலை உருவாகி, இழுவை சட்டென்று ஏறுகிறது. ஆற்றின் குறுக்கே நேராகப் போட்ட கொரம்பு என்ற தற்காலிகத் தடுப்பு தண்ணீரின் முழு வேகத்தையும் மார்பில் வாங்கும். சாய்த்துப் போட்டால் வேகத்தின் ஒரு பங்குதான் அதன்மேல் செங்குத்தாக மோதும், மீதி அதன் நீளவாக்கில் வழுக்கிக்கொண்டு போய்விடும். இறக்கைக்கும் கணக்கு இதுதான். ஜெர்மானியரான அடால்ஃப் பூஸ்மன் 1935இல் ரோமில் நடந்த வோல்டா மாநாட்டில் இதைச் சொன்னார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1942இல் ஜெட் எஞ்சினோடு பறந்த மெஸ்ஸர்ஷ்மிட் 262-இன் இறக்கை 18.5 பாகை சாய்ந்திருந்ததைப் பலர் பூஸ்மனின் கணக்கில் எழுதுகிறார்கள். உண்மையில் எஞ்சின் எதிர்பார்த்ததைவிடக் கனமாகிவிட்டதால், ஈர்ப்பு மையத்தைச் சரிக்கட்டச் செய்த ஏற்பாடு அது. போருக்குப் பின் ஜெர்மானிய ஆய்வுத் தாள்கள் வெளியே வந்த பிறகுதான் அமெரிக்காவின் சேபர் 35 பாகைச் சாய்வோடு 1947இல் பறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சோவியத்தின் மிக்-15 பறந்தது.

இந்திய விமானப்படை வாங்கிய விமானங்களின் வரிசையிலும் இந்தப் பாடத்தைப் படிக்கலாம். 1948இல் வந்த வாம்பயருக்கு ஏறக்குறைய நேர் இறக்கை. 1953இல் வந்த தூஃபானிக்கு இலேசான சாய்வு. 1957இல் வந்த மிஸ்டேர், ஹன்டர் இரண்டுக்கும் நன்றாகச் சாய்ந்த இறக்கை. வாங்கியது போதும், நாமே வரைவோம் என்ற எண்ணம் இந்த வரிசையின் நடுவில்தான் பிறந்தது.

அதற்காக 1956இல் பெங்களூர் வந்தவர் ஜெர்மானியரான கர்ட் டாங்க். போரில் பேர் பெற்ற ஃபோக்கவுல்ஃப் 190-ஐ வடிவமைத்தவர். போர் முடியும் தறுவாயில் அவருடைய நிறுவனம் டிஏ-183 என்ற சாய்ந்த இறக்கை ஜெட் விமானத்தை வரைந்திருந்தது. அது பறக்கவே இல்லை. அந்தச் சிந்தனையை அர்ஜென்டினாவுக்கு எடுத்துப்போய், 1950இல் புல்கி-2 விமானமாகப் பறக்கவிட்டார். மூன்றாவது இடம் பெங்களூர். மாருத் பழைய ஜெர்மானிய வரைபடத்தின் நகல் என்று சொல்வோர் உண்டு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. முன்னவற்றின் உயர்ந்த வால் போய்விட்டது. ஒன்றுக்கு இரண்டு எஞ்சின்கள் வந்தன. அமெரிக்கர் ரிச்சர்ட் விட்கோம்ப் 1950களில் கண்ட பரப்பளவு விதியின்படி உடல் உடுக்கை போல இடை சிறுத்தது. இறக்கையின் சாய்வு சுமார் 45 பாகை.

எனக்குப் பிடித்த கட்டம் 1959. எஞ்சின் பொருத்துவதற்கு முன்பே, மாருத்தின் முழு அளவில், அதே இறக்கை வடிவத்தோடு, இருவர் அமரும் மரக் கிளைடர் ஒன்றைச் செய்தார்கள். டகோட்டா விமானம் கயிறு கட்டி அதை மேலே இழுத்துப் போய்விடும். கயிற்றை அவிழ்த்ததும் தச்சர்கள் செய்த அந்த ஜெட் சத்தமே இல்லாமல் கீழிறங்கி வரும். 78 முறை இப்படிப் பறந்தது. இறக்கை சரியாக இருக்கிறது என்பது எஞ்சின் வருமுன்பே தெரிந்துவிட்டது. 1961 ஜூன் 17 அன்று விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் உண்மையான மாருத்தை ஓட்டினார். மேட்டூர் திறக்கும் வழக்கமான தேதிக்கு ஐந்து நாள் கழித்து என்று டெல்டாக்காரன் மனம் தானாகக் கணக்குப் போடுகிறது.

இங்கேதான் சறுக்கல். ஒலியின் இருமடங்கு வேகத்தை எண்ணி வரைந்த உடலுக்குள், கிடைத்த எஞ்சினாகிய ஆர்ஃபியஸ் 703 இரண்டு போய் உட்கார்ந்தன. தேவையாக இருந்தது அதைவிட வலிய ஆர்ஃபியஸ் 12. பிரிட்டனில் அதற்கு ஆதரவு போய்விட்டது. மேம்பாட்டுச் செலவை ஏற்க இந்தியாவும் முன்வரவில்லை. எகிப்தில் உருவான இ-300 எஞ்சினை ஒரு மாருத்தில் பொருத்தி 1967இல் சோதித்தார்கள். அந்த உறவும் நிலைக்கவில்லை. மறுஎரிப்பு முறை சேர்த்த மாருத்தைச் சோதித்தபோது, 1970 ஜனவரி 10 அன்று சுரஞ்சன் தாஸ் விபத்தில் இறந்தார். பெங்களூரில் ஒரு சாலை இன்று அவர் பெயரில் இருக்கிறது. கிட்டத்தட்ட ஒலி வேகத்தோடு நின்றுபோன மாருத், 1971 போரில் ராஜஸ்தான் முனையில் தாழப் பறந்து தாக்கும் வேலையைக் கௌரவமாகச் செய்தது. ஒரு எஞ்சின் போன பிறகும் மற்றொன்றில் தளம் திரும்பியவை உண்டு. மொத்தம் செய்தது 147.

டாங்க் பெங்களூர் வந்த காலத்தில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இன்னொரு ஜெர்மானியத் தொடர்பு இருந்தது. அங்கே விமானப் பொறியியல் துறைத் தலைவர் வால்டர் ரெபெந்தின் ஜெர்மானியர்; பேராசிரியர் ஸ்பாண்டர் நாஜிகளிடம் சிறைப்பட்டிருந்த ஆஸ்திரியர். இருவரையும் தன் சுயசரிதையில் நினைவுகூரும் மாணவர் அப்துல் கலாம். பின்னாளில் அவருடைய ஏவுகணைத் திட்டத்துக்கும் 1983இல் வழிவிட்டவர் ராஜாமடத்துக்காரரே.

மீண்டும் இறக்கைக்கு வருவோம். சாய்வை மேலும் கூட்டி, பின்விளிம்பை நேராக்கினால் முக்கோணம். மெல்லியதாக இருந்தாலும் வேர்ப்பகுதி அகலமானதால் உறுதியும் எரிபொருளுக்கு இடமும் கிடைக்கும். ஜெர்மனியின் லிப்பிஷ் தொடங்கிய இந்த வழியை மிராஜும், 1963இல் இந்தியாவுக்கு வந்த மிக்-21-உம் எடுத்துக்கொண்டன. மிக்-21 தனி வாலையும் வைத்துக்கொண்டது. தேஜஸ் அந்த வாலை விட்டது. அதன் முன்விளிம்பு ஒரே கோடு கிடையாது. உடலையொட்டிய பகுதி 50 பாகையும் வெளிப்பகுதி 62.5 பாகையும் சாய்ந்திருக்கும். பெரும்பாலும் கரியிழைக் கலவையால் ஆன இறக்கை. வேண்டுமென்றே நிலைத்தன்மையைக் குறைத்து வரைந்த விமானம் என்பதால், கணினி நொடிக்குப் பலமுறை திருத்திக்கொண்டே இருந்தால்தான் பறக்கும். 2001 ஜனவரி 4 அன்று அது பறந்தது.

காவேரி எஞ்சின் மட்டும் வரவில்லை. 1989இல் அனுமதி பெற்று, பெங்களூரின் எரிவாயுச் சுழலி ஆய்வகத்தில் உருவான அது எடை கூடி, உந்துவிசை குறைந்து நின்றது. 2008இல் தேஜஸ் திட்டத்திலிருந்து அதைப் பிரித்தார்கள். 2010இல் ரஷ்யாவில் ஒரு சரக்கு விமானத்தின் இறக்கையில் மாட்டிப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். புதாறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாயின் கடைமடையில், முறைத் தண்ணீர் வருமா என்று மதகடியில் நிற்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பை விளக்க வேண்டியதில்லை.

தஞ்சாவூர் தளத்தில் 2020 முதல் சுகோய்-30 அணி இருக்கிறது. அது ரஷ்ய வடிவமைப்பு. தேஜஸைப் பார்க்க சூலூர் போக வேண்டும். அங்கே ஓடுபாதையில் எழும்பும் அந்த டெல்டா இறக்கைக்குப் பின்னால் எரிவது அமெரிக்காவின் ஜிஇ எஃப்-404.