ஓகோனி நிலத்தில் எண்ணெய் மாசும் வேளாண்மையும்

ஓகோனி நிலம் என்பது நைஜீரியாவின் ரிவர்சு மாநிலத்தில், நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் அமைந்துள்ள பகுதி ஆகும். இதன் பரப்பளவு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர். மரவள்ளி, வள்ளிக்கிழங்கு, வாழை ஆகியவற்றைப் பயிரிடுவதும் ஓடைகளில் மீன் பிடிப்பதும் ஓகோனி மக்களின் மரபுவழித் தொழில்கள். இங்கு 1950களின் இறுதியில் எண்ணெய் எடுக்கும் பணி தொடங்கியது. மக்கள் எதிர்ப்பினால் 1993இல் செல் நிறுவனம் எண்ணெய் எடுப்பதை நிறுத்திக்கொண்டது. ஆயினும் பிற இடங்களில் எடுக்கப்பட்ட எண்ணெய், அதன் பின்னரும் இந்நிலத்தின் ஊடாகவே குழாய்களில் கொண்டுசெல்லப்பட்டது, கசிவுகளும் தொடர்ந்தன.

மண்ணிலும் பயிரிலும் விளைவுகள்

கச்சா எண்ணெய் மண்துகள்களின் மீது படலமாகப் படிவதால் மண் நீரை ஏற்காது, காற்றோட்டமும் தடைப்படும். எண்ணெயைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் மண்ணிலுள்ள நைட்ரசனைத் தமக்கு எடுத்துக்கொள்வதால் பயிருக்கு அச்சத்துக் குறைகிறது. கசிந்த எண்ணெய் பல வேளைகளில் தீப்பற்றுவதும் உண்டு. அவ்வாறு எரிந்த நிலத்தின் மேல் கெட்டியான ஓடு போன்ற அடுக்கு உருவாகி, மீண்டும் செடி முளைப்பதைக் கடினமாக்குகிறது.

கிழங்குப் பயிர்களுக்கே பாதிப்பு மிகுதி. உண்ணப்படும் பகுதி மண்ணுக்குள்ளேயே விளைவதால், எண்ணெய் படிந்த நிலத்து மரவள்ளி உணவுக்குப் பயன்படாது போகிறது. பின்னர் பயிரிட்டாலும் செடிகள் நலிந்து, விளைச்சல் குறைவதாக உழவர்கள் கூறுகின்றனர். மரவள்ளியே அன்றாட உணவாக உள்ள ஊர்களில் இது வருமான இழப்பு மட்டுமன்று, உணவு இழப்பும் ஆகும்.

2011 ஆய்வறிக்கை

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 14 மாதங்கள் 200க்கும் மேற்பட்ட இடங்களில் ஆராய்ந்து, 2011 ஆகத்தில் அறிக்கை வெளியிட்டது. 49 இடங்களில் குறைந்தது 5 மீட்டர் ஆழம் வரை எண்ணெய் இறங்கியிருந்தது. நிசிசியோகென் ஒகாலே என்னும் ஊரின் குடிநீர்க் கிணறுகளில், உலக சுகாதார அமைப்பின் அளவைவிட 900 மடங்குக்கும் மிகுதியாகப் பென்சீன் காணப்பட்டது. எசாமா-எபுபு என்னுமிடத்தில் கசிவு நிகழ்ந்து 40 ஆண்டுகளுக்கு மேலாகியும், பலமுறை துப்புரவு செய்த பின்னரும், மண் கடுமையாக மாசடைந்தே இருந்தது.

மேல்மண்ணைக் கிளறி, உரமிட்டு, எண்ணெய் தானே சிதையுமாறு விடும் முறையே அதுவரை கையாளப்பட்டது. மழை மிகுந்த இப்பகுதியில் எண்ணெய் கீழிறங்கிவிடுவதால் இம்முறை போதாது என அறிக்கை சுட்டியது. மேற்பரப்பில் புல் முளைத்திருப்பதை மட்டும் கொண்டு நிலம் மீண்டது எனக் கொள்ள இயலாது. முழுமையான மீட்புக்கு 25 முதல் 30 ஆண்டுகள் தேவைப்படலாம் என மதிப்பிடப்பட்டது. துப்புரவுத் திட்டம் 2016இல் முறைப்படி தொடங்கப்பட்டது.

வழக்குகள்

கசிவுகளுக்கு நாசவேலையும் எண்ணெய்த் திருட்டுமே காரணம் என்பது செல் நிறுவனத்தின் வாதம். திருட்டு எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும் சிறு உலைகளாலும் மாசு பெருகியதை மேற்கண்ட அறிக்கை ஒப்புக்கொள்கிறது. எனினும் எல்லாக் கசிவுகளுக்கும் அது பொருந்தவில்லை. 2008, 2009 ஆம் ஆண்டுகளின் கசிவுகளுக்காக 2015இல் போடோ ஊர் மக்களுக்கு 5.5 கோடி பவுண்டு வழங்க அந்நிறுவனம் இணங்கியது.

ஓகோனி நிலத்தின் கோய், கழிமுகத்தின் வேறு பகுதிகளிலுள்ள ஒருமா, இகோட் அடா உடோ ஆகிய ஊர்களைச் சேர்ந்த நான்கு உழவர்கள் 2008இல் நெதர்லாந்தில் வழக்குத் தொடுத்தனர். 2021 சனவரியில் தி ஏக் மேல்முறையீட்டு நீதிமன்றம், கோய், ஒருமா கசிவுகளுக்குச் செல்லின் நைஜீரியக் கிளை பொறுப்பு எனத் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்களுள் சிலர் அதற்கு முன்னரே இறந்துவிட்டனர். 2022 திசம்பரில், பொறுப்பை ஏற்காமலே, மூன்று ஊர்களுக்கும் சேர்த்து 1.5 கோடி யூரோ தர அந்நிறுவனம் உடன்பட்டது.