சர்க்கரை நோயுள்ள முதியவர்களும் ரமளான் நோன்பும்: ஆய்வுகள் சொல்வது என்ன?

சர்க்கரை நோய்க்காக மருத்துவரைப் பார்ப்பது சில மாதங்களுக்கு ஒரு முறை, அதுவும் சில நிமிடங்கள்தான். மற்ற நாட்களில் என்ன சாப்பிடுவது, மாத்திரையை எப்போது போடுவது, எப்போது சுகர் பார்ப்பது என்பதையெல்லாம் நோயாளியும் வீட்டாரும்தான் தீர்மானிக்கிறார்கள். இதையே சுய பராமரிப்பு என்கிறார்கள். ரமளான் மாதத்தில் இந்தப் பொறுப்பு இன்னும் கூடுகிறது.

இந்தியா உட்பட 13 நாடுகளில் 2001-ஆம் ஆண்டு 'எபிடியார்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. அதில் 12,243 சர்க்கரை நோயாளிகள் இடம்பெற்றனர். இரண்டாம் வகை சர்க்கரை நோய் உள்ளவர்களில் 78.7 சதவீதத்தினர் குறைந்தது 15 நாட்கள் நோன்பு நோற்றிருந்தனர். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை குறைந்துபோவது, மற்ற மாதங்களைவிட ரமளானில் இவர்களிடம் சுமார் ஏழரை மடங்கு அதிகமாக இருந்தது. ஆனால் மருந்தின் அளவை மாற்றிக்கொண்டவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. உணவு நேரம் முழுவதும் மாறியும் மருந்து மாறவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

இதற்குத் தீர்வு உண்டு என்பதை லண்டனில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ரமளானுக்கு முன் உணவு, மருந்து, பரிசோதனை பற்றிப் பயிற்சி பெற்ற குழுவில் தாழ்சர்க்கரை நிகழ்வுகள் 9-லிருந்து 5-ஆகக் குறைந்தன. பயிற்சி பெறாத குழுவில் 9-லிருந்து 36-ஆக உயர்ந்தன. சிறிய ஆய்வுதான், ஆனால் முன்கூட்டியே தயாராவதன் பயனை இது தெளிவாக உணர்த்துகிறது.

முதியவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. வயதாக ஆக, சர்க்கரை குறையும்போது வரும் நடுக்கம், வியர்வை போன்ற அறிகுறிகள் மங்கிவிடும். தடுமாற்றத்தையும் குழப்பமான பேச்சையும் 'நோன்புக் களைப்பு' என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். கீழே விழுந்து எலும்பு முறிவதும் உண்டு.

கடைப்பிடிக்க வேண்டியவை:

1. ரமளானுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே மருத்துவரைச் சந்தியுங்கள். இன்சுலின், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்றவை சர்க்கரையை அதிகம் தாழ்த்தக்கூடியவை. அளவையும் நேரத்தையும் மருத்துவரே மாற்றித் தர வேண்டும்; நாமாக நிறுத்தக் கூடாது.

2. பகலிலும் சுகர் பாருங்கள். விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சோதிப்பது நோன்பை முறிக்காது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து.

3. சர்க்கரை 70-க்குக் கீழ் போனாலோ, 300-ஐத் தாண்டினாலோ நோன்பை உடனே முறித்துவிட வேண்டும். மஃக்ரிபுக்கு அரை மணி நேரமே இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. 70-க்குக் கீழ் என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள்.

4. ஸஹரைத் தவிர்க்காதீர்கள், கூடிய வரை பிந்திச் சாப்பிடுங்கள். இஃப்தாரில் நோன்புக் கஞ்சியை அளவோடு எடுத்து, வடை, சமோசா, சர்பத்தைக் குறையுங்கள்.

சிறுநீரகம் வெகுவாகப் பாதிக்கப்பட்டவர்கள், அண்மையில் கடுமையான தாழ்சர்க்கரைக்கு ஆளானவர்கள், உடல் தளர்ந்த முதியவர்கள் ஆகியோர் நோன்பு நோற்க வேண்டாம் என்றே மருத்துவ வழிகாட்டல்கள் கூறுகின்றன.

"இத்தனை வருஷமாக விடாத நோன்பை இப்போது விடுவதா?" என்று நம் வாப்பாமார்களும் உம்மாமார்களும் கலங்குவது இயல்புதான். ஆனால் நோயாளிக்கான சலுகையை அல்குர்ஆனின் 2:184, 185 வசனங்களே அளித்திருக்கின்றன. குணமாகும் நோய் என்றால் பிறகு களா செய்யலாம். தீராத நோய் என்றால் ஃபித்யா கொடுக்கலாம். உங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரிடமும் ஆலிமிடமும் சேர்த்தே கேளுங்கள். சலுகையை ஏற்பது ஈமானின் குறைவல்ல. அதுவும் அல்லாஹ்வின் கட்டளைக்குள் அடங்கியதே.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆரோக்கியத்துடன் கூடிய நீண்ட ஆயுளை வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.