பூட்டைச் சோதிக்கும் கலை

1924ஆம் ஆண்டில் புகையிரதம் பதுளையை எட்டியது. மலையைச் சுற்றி வளைந்து, தெமோதரை நிலையத்தின் அடியிலேயே சுரங்கவழி நுழைந்து செல்வது அப்பாதை. அவ்வொற்றைத் தண்டவாளத்தில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்து மோதாமற் காத்தது ஒரு சிறு உலோக வட்டு. அடுத்தடுத்த இரு நிலைய அதிபர்களும் இசைந்தாலன்றிப் பொறி அவ்வட்டை வெளியே விடாது. வட்டைக் கையிற் பெறாத சாரதி வண்டியை நகர்த்தலாகாது. உரிய அடையாளமின்றி வழியில்லை என்னும் இவ்விதியே இன்று கணினிக் காவலுக்கும் அடிப்படை.

ஆயினும், காவல் உறுதியானதா என்பதை எவ்வாறு அறிவது? 1851இல் இலண்டனில் மாபெரும் பொருட்காட்சி நடந்த காலத்தில், ஹொப்ஸ் என்னும் அமெரிக்கர், திறக்கவே இயலாதெனப் பேர்பெற்ற பிராமா பூட்டைப் பல நாள் முயன்று திறந்து காட்டினார். 1974இல் கார்கர், ஷெல் என்போர் அமெரிக்க விமானப்படைக்காக மல்டிக்ஸ் என்னும் கணினி முறைமையைத் தாக்கிப் பார்த்து, அதன் குறைகளை அறிக்கையாக்கினர். 1993இல் டான் ஃபார்மரும் வீட்சே வெனிமாவும், தம் கணினிகளைத் தாமே உடைத்துப் பார்த்துச் சீர்செய்யும் வழியை விளக்கினர்.

இங்கே ஓர் இடர் எழுந்தது. பழகுவதற்குப் பூட்டு வேண்டும். பிறர் பூட்டைத் தொடுவதோ குற்றம். இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், உரிமையின்றிப் பிறர் கணினியுட் புகுவதையே தண்டனைக்குரியதாக்கிற்று. கற்கும் ஆவல் அனுமதி ஆகாது.

இதற்கு விடையாக அமைந்ததே வீட்டுச் சோதனைக்கூடம். 1999இல் வீஎம்வேர் நிறுவனம் வெளியிட்ட மென்பொருள், சாதாரண மேசைக் கணினி ஒன்றுக்குள்ளேயே பல கணினிகளை இயங்கச் செய்தது. அவற்றுள் ஒன்று தாக்கும். வேண்டுமென்றே குறைகளோடு அமைத்த மற்றொன்று தாக்குண்ணும். இரண்டும் வெளியுலக வலையினின்று துண்டிக்கப்பட்டிருக்கும். முன்னரே நிலையைப் பதிந்து வைத்தால், சிதைந்த கணினியை மீண்டும் பழைய நிலைக்குக் கொணரலாம். 2013இல் வெளிவந்த காலி லினக்ஸ் போன்ற கருவித்தொகுதிகள் விலையின்றியே கிடைக்கின்றன.

பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் கணினியியலைக் கற்பிக்கின்றது. ஆயினும் பசறை, அப்புத்தளைத் தோட்டங்களின் பிள்ளைகள் அனைவர்க்கும் பல்கலைக்கழக வாயில் திறப்பதில்லை. அவர்களுக்கு இக்கலை எட்டாக்கனி அன்று. பழைய கணினி ஒன்றும், பொறுமையும் இருந்தாற் போதும். பெற்றோரின் உழைப்பூதியம் வங்கிக் கணினிகளில் எண்களாக உறையும் இந்நாளில், அவ்வெண்களைக் காக்கும் திறன் தோட்டத்துப் பிள்ளைக்கும் உரியதன்றோ?

அன்று வட்டைப் பெற்ற பின்னரே சாரதி புறப்பட்டார். இன்று சோதிப்பவரும் உரியவரின் இசைவைப் பெற்ற பின்னரே புகுதல் வேண்டும்.