அளந்த தகவல் தொலையாமல் காப்பது எப்படி?

2011 மார்ச் 11ஆம் திகதி, நிலநடுக்கமும் சுனாமியும் ஜப்பானின் புகுஷிமா டைச்சி அணுமின் நிலையத்தைத் தாக்கின. சுற்றுவட்டாரத்தில் கதிர்வீச்சை அளக்க மாகாண நிர்வாகம் 24 கண்காணிப்பு நிலையங்களை அமைத்திருந்தது. அவற்றுள் 23 இலிருந்து தகவல் கிடைக்காமல் போனது. சிலவற்றைச் சுனாமி அள்ளிச் சென்றது. பெரும்பாலானவற்றில் தொடர்பு இணைப்பு அறுந்திருந்தது.

நமியே நகர மக்கள் பலர் வடமேற்கே ட்சுஷிமா பகுதியில் தஞ்சமடைந்தனர். பின்னர் காற்று கதிரியக்கத்தைக் கொண்டு சென்றதும் அதே திசைக்குத்தான்.

இதேவேளை, ஃபுதாபாவின் கமிஹதோரி நிலையம் மார்ச் 12 பிற்பகல் 3 மணிக்கு, மணித்தியாலத்துக்கு 1,590 மைக்ரோசீவேர்ட் எனப் பதிந்திருந்தது. முதலாம் உலைக் கட்டடம் வெடித்தது 3.36 மணிக்கு. அதற்கு முன்னரே கதிர்வீச்சு வெளியேறியதற்கு அந்தப் பதிவு சான்று. நிலையத்திலேயே சேமிக்கப்பட்டிருந்ததால் அது மீட்கப்பட்டு, 2012 செப்டெம்பரில் வெளியானது. இடம்பெயர்ந்துகொண்டிருந்தவர்களுக்கு அது உரிய நேரத்தில் கிடைக்கவில்லை.

பதிவு அழியக்கூடாது, உரிய நேரத்தில் சென்றடையவும் வேண்டும். மின்சாரம், குடிநீர், அணைக்கட்டு, தொழிற்சாலை என எந்தக் கண்காணிப்பு வலையமைப்புக்கும் இது பொருந்தும்.

அளக்கும் இடத்திலேயே சேமிப்பு: இணைப்பு அறுந்தால், கருவி அளவீடுகளை நேரக் குறிப்புடன் தன் நினைவகத்தில் வைத்திருந்து, இணைப்பு திரும்பியதும் அனுப்ப வேண்டும். நினைவகம் எத்தனை நாட்களுக்குப் போதும் என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

இரண்டு பாதைகள்: தரைவழி இணைப்புடன் செய்மதி இணைப்பும் இருக்கலாம். ஒரே கம்பத்தில் செல்லும் இரண்டு கம்பிகள் இரண்டு பாதைகள் ஆகா.

மாற்று மின்சாரம்: அளக்கும் கருவிக்கு மட்டும் மின்கலம் இருந்தால் போதாது. தகவலை அனுப்பும் கருவிக்கும் இடைக் கோபுரத்துக்கும் அது வேண்டும்.

இடைவெளியை மறைக்காமை: ஒவ்வொரு அளவீட்டுக்கும் தொடரிலக்கம் இட்டால் விடுபட்டவை தெரியவரும். தகவல் வராத நேரத்தில் திரை பூச்சியத்தையோ பழைய அளவையோ காட்டினால், பார்ப்பவர் ஆபத்தில்லை என்றே நினைப்பார். ‘தகவல் இல்லை’ என்று அது தெளிவாகக் காட்ட வேண்டும்.

பிரதியும் ஒத்திகையும்: மையத்தின் பதிவுகளுக்கு வேறிடத்தில் ஒரு பிரதி வேண்டும். இணைப்பை வேண்டுமென்றே துண்டித்து, எல்லாம் மீள்கிறதா எனக் காலத்துக்குக் காலம் சோதிக்க வேண்டும்.

இத்தகைய நிலையங்களின் அருகே வாழும் மக்கள் நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இணைப்பு அறுந்தால் அளவீடு எங்கே இருக்கும்? அதை யார், எவ்வளவு நேரத்துக்குள் எங்களுக்குச் சொல்வார்கள்?