பொன் நிலத்தில் அத்துமீறியவர் யார்?

ஒருவர் முளையடித்து அடையாளமிட்ட நிலத்தில் மற்றொருவர் புகுந்து பொன் தேடினால் அவரை என்ன செய்வது? பட்டாவும் பத்திரமும் நியாயஸ்தலமும் உள்ள நாட்டில் இதற்கு விடை எளிது. அவை மூன்றும் இல்லாத ஓரிடத்தில், ஒருவரையொருவர் அறியாத பல்லாயிரம் பேர் ஆற்றங்கரைகளில் திரண்டபோது, இக்கேள்வி மிகக் கடுமையாக எழுந்தது. அவர்கள் கண்ட விடையில் போற்றத்தக்கதும் உண்டு, வருந்தத்தக்கதும் உண்டு. இரண்டையும் இங்கே ஆராய்வோம்.

1848-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள், வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியாவில், கொலோமா என்னுமிடத்தில், ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் மரம் அறுக்கும் ஆலைக்காக வெட்டிய கால்வாயில் பொன் துகள்களைக் கண்டார். ஒன்பது நாட்களுக்குப் பின் கையொப்பமான உடன்படிக்கையால், அந்நாடு மெக்ஸிகோவிடமிருந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வசமாயிற்று. அதே பிப்ரவரியில், இராணுவ ஆளுநர் ரிச்சர்டு மேஸன் மெக்ஸிகோவின் பழைய சுரங்க விதிகளை ரத்து செய்தார். அவற்றின் இடத்தில் புதிய விதி எதுவும் வரவில்லை. பொன் வந்த வேளையில் சட்டம் போயிற்று.

ஆலையின் சொந்தக்காரர் ஜான் சட்டர், ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர். மெக்ஸிகோ அரசு 1841-இல் அவருக்குச் சுமார் 48,000 ஏக்கர் நிலத்தை மானியமாக அளித்திருந்தது. ஆனால் கொலோமா அந்த எல்லைக்குள் அடங்கவில்லை. ஆகவே அவர் அங்கு வாழ்ந்த ஆதிகுடிகளிடம் குத்தகை எழுதி வாங்கி, அதனை உறுதிசெய்யுமாறு ஆளுநரை வேண்டினார். ஆதிகுடிகளுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடும் உரிமை இருப்பதாக அமெரிக்க அரசு ஏற்பதில்லை என்று ஆளுநர் மறுத்துவிட்டார். இந்த மறுப்பை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் நேர்ந்தவற்றுக்கெல்லாம் வித்து இதில் அடங்கியிருக்கிறது.

செய்தி பரவியது. சட்டரின் வேலையாட்கள் பொன் தேடப் போய்விட்டனர். அவருடைய மானிய நிலத்தில் வந்தவரெல்லாம் குடிசை போட்டுக்கொண்டனர். கால்நடைகள் களவு போயின. நஷ்டஈடு கோரி அமெரிக்கக் காங்கிரஸின் கதவை நெடுங்காலம் தட்டிய சட்டர், 1880-இல் வாஷிங்டன் நகரில் இறந்தார். அவர் கேட்ட ஈட்டைக் காங்கிரஸ் வழங்கவேயில்லை.

பொன் கிடைத்த மலைச்சரிவுகளும் ஆற்றுப்படுகைகளும் பெரும்பாலும் அரசாங்க நிலம். நம் ஊர் வழக்கில் சொன்னால் புறம்போக்கு. அந்த முறையில் பார்த்தால், அங்கே தோண்டிய ஒவ்வொருவரும் அத்துமீறியவரே. 1848 கோடையில் சுரங்கப் பகுதிகளைச் சுற்றிப் பார்த்த மேஸன், வாடகை வசூலிக்கலாமா என்று எண்ணினார். ஆனால் அவரிடமிருந்த படையோ சிறிது. அதிலும் பலர் பொன் தேடி ஓடிப்போயிருந்தனர். தலையிடுவதில்லை என்று அவர் முடிவு செய்தார்.

அரசு விலகி நின்ற இடத்தில், தோண்டியவர்களே கூடி விதி வகுத்தனர். ஒவ்வொரு முகாமும் தன்னை ஒரு சுரங்க வட்டாரமாக அமைத்துக்கொண்டது. ஒருவர் தமக்கென்று அடையாளமிட்ட துண்டுக்குக் ‘கிளெய்ம்’ என்று பெயர். அதன் நீள அகலத்தைக் கூட்டம் கூடித் தீர்மானித்தனர். பொன் செறிந்த இடத்தில் அளவு சிறிது, செறிவற்ற இடத்தில் பெரிது. நான்கு மூலையிலும் முளையடித்து, அறிவிப்பு எழுதி வைத்து, பதிவாளரின் ஏட்டில் பதிய வேண்டும். புதிதாக அடையாளமிடும்போது ஆளுக்கு ஒரு துண்டே உண்டு.

இவற்றுள் தலையாய விதி ஒன்று: உழைப்பவனுக்கே உரிமை. குழிக்குள் மண்வெட்டியும் கடப்பாறையும் கிடந்தால் ஆள் திரும்பி வருவான் என்பதற்கு அதுவே சான்றாகப் பல முகாம்களில் ஏற்கப்பட்டது. குறித்த நாட்களுக்குள் வேலை நடக்காவிட்டால் உரிமை தீர்ந்தது. அடுத்தவர் அத்துண்டை எடுத்துக்கொள்ளலாம். உரிமை தீராத துண்டில் புகுந்தவனையோ ‘கிளெய்ம் ஜம்பர்’ என்று இகழ்ந்தனர். வழக்கு எழுந்தால் நடுவரோ, தோண்டுவோருள் தேர்ந்தெடுத்த சிலரோ கேட்டுத் தீர்ப்பளித்தனர். துப்பாக்கியே தீர்ப்புச் சொன்ன இடங்களும் இருந்தன. ஆயினும் விதியிருந்த இடத்தில், அத்துமீறியவன் ஒருவனுக்கல்ல, ஊருக்கே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இந்தப் பஞ்சாயத்து முறைக்கு நாட்டுச் சட்டமும் பின்னர் இசைந்தது. சுரங்க வழக்குகளில் அந்தந்த வட்டாரத்தின் வழக்கங்களைச் சான்றாக ஏற்கலாம் என்று கலிபோர்னியா 1851-இல் சட்டம் செய்தது. மத்திய அரசின் 1866, 1872-ஆம் ஆண்டுச் சட்டங்கள் அதனை நாட்டுக்குப் பொதுவாக்கின. 1872-ஆம் ஆண்டுச் சட்டம் பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது.

இதுவரை கண்டது போற்றத்தக்க பகுதி. மறுபக்கத்தையும் காண வேண்டும்.

உழைப்பவனுக்கே உரிமை என்ற விதி, உழைத்த எல்லோருக்கும் கிட்டவில்லை. மெக்ஸிகோவிலிருந்தும் சிலியிலிருந்தும் வந்தவர்கள் தொழிலில் தேர்ந்தவர்கள். மண்ணிலிருந்து பொன்னைப் பிரிக்கும் முறைகளை மற்றவர்க்குக் கற்பித்தவர்கள். அவர்களையே அயலார் என்று பல முகாம்கள் விரட்டின. 1850-இல் அயல்நாட்டார் மீது மாதம் 20 டாலர் வரி விதிக்கப்பட்டது. பலர் துண்டுகளை விட்டு வெளியேறினர். மறு ஆண்டே அவ்வரி நீக்கப்பட்டது. 1852-இல் மாதம் 3 டாலராக மீண்டும் வந்தது. இம்முறை அதன் சுமை பெரும்பாலும் சீனர் தலையில் விழுந்தது. 1854-இல் அம்மாநில உச்சநீதிமன்றம், வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்ல இயலாது என்று தீர்ப்பளித்தது. ஒரு சீனரின் துண்டில் வெள்ளையர் ஒருவர் புகுந்தால், அதைக் கண்ட சீனர் பத்துப் பேர் இருந்தும் சாட்சி ஒருவரும் இல்லை என்றாயிற்று. வேலியே பயிரை மேய்ந்தது என்று நாம் சொல்வது இதைத்தான்.

எல்லோருக்கும் முன்னால் அந்நிலத்தில் வாழ்ந்த ஆதிகுடிகளின் கதி இன்னும் கொடிது. 1846-இல் சுமார் 1,50,000 பேராக இருந்தவர்கள், நோயாலும் பசியாலும் கொலையாலும், 1870-களின் தொடக்கத்தில் சுமார் 30,000 பேராகக் குறைந்தனர். அவர்களுடன் 1851, 1852-ஆம் ஆண்டுகளில் செய்த 18 உடன்படிக்கைகளை அமெரிக்கச் செனட் சபை ஏற்க மறுத்தது. நிலத்துக்குரியவர்கள் நிலத்தில் அத்துமீறியவர்களாக நடத்தப்பட்டனர். 2019-இல்தான் கலிபோர்னியாவின் ஆளுநர் அக்கொடுமைகளுக்காக மாநிலத்தின் சார்பில் மன்னிப்புக் கோரினார்.

ஆகவே அத்துமீறலைத் தடுக்க முளையும் ஏடும் மட்டும் போதா என்பது இவ்வரலாற்றால் விளங்குகிறது. முறையீடு செய்ய வருபவர் யாராயினும் அவர் சொல்லைக் கேட்கும் சபை வேண்டும். அச்சபையின் வாயில் சிலருக்கு மட்டும் திறந்திருந்தால், மிக நல்ல விதியும் வலியவன் கைக்கருவியாகிவிடும். பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் உழைத்து வாழும் நமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. வந்தவனுக்கும் இருந்தவனுக்கும் ஒரே அளவுகோல் என்பதுதான் எந்த எல்லைக்கல்லுக்கும் உறுதி தருவது.